கூட்டாய்வு நல்கைக்குத் தரகர் எதற்கு?

கேள்வி: வாய்மொழி வரலாறு பற்றி ஐரோப்பியப் பேராசிரியர் ஒருவருடன் சேர்ந்து அங்கத்திய நல்கைக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். எங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக ஒரு கன்சல்டன்சி முன்பணமும், கிடைக்கும் தொகையில் 10 சதவீதமும் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பின் வலைவாசலில் கணக்குத் தொடங்க, நிறுவனத்தை அடையாளம் காட்டும் 9 இலக்க பிஐசி எண் வாங்க, விண்ணப்பத்தைப் பதிவேற்ற, எதற்குமே கட்டணம் கிடையாது. பிஐசி எண் உங்கள் நிறுவனத்துக்கு ஏற்கெனவே இருக்கலாம். முதலில் கணக்குப் பிரிவில் விசாரியுங்கள். 10 சதவீதப் பேச்சு இன்னும் மோசம். செலவுக் கணக்கு கேட்கும் திட்டங்களில், திட்டம் நடக்கும் காலத்தில் ஆய்வுக்காக ஆன செலவுதான் செல்லும். விண்ணப்பம் எழுதிய கூலியை நல்கையிலிருந்து எடுத்தால் தணிக்கையில் வெட்டுவார்கள். திருப்பிக் கட்டப்போவது நீங்கள்; தரகர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

நீங்கள் கேட்காத கேள்விதான் முக்கியம்: உங்கள் பங்கு வேலைக்கு யார் பணம் தருகிறார்கள்? ஹொரைசனில் நிதி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியல் உண்டு. இந்தியா, சீனா, பிரேசில், அமெரிக்கா அதில் இல்லை. பட்டியலில் இல்லாதவர் 'இணைப் பங்காளர்' ஆகலாம்; வேலை உண்டு, காசு இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. ஜெர்மனியின் டிஎஃப்ஜி, பிரான்சின் ஏஎன்ஆர் என்ற ஆய்வு நிதி அமைப்புகள் வரலாறு, மொழி போன்ற மானுடப் புலங்களுக்குச் சேர்ந்து நடத்துவது போன்ற இருநாட்டு அழைப்புகளில் ஒவ்வொரு அமைப்பும் தன் நாட்டுக் குழுவுக்கு மட்டுமே கொடுக்கும். உங்கள் நாட்டு அமைப்பு அந்த அழைப்பில் சேரவில்லையென்றால் அந்த வழி மூடியது.

ஹொரைசனில் ஒரு விலக்கு உண்டு. தரகர்கள் விற்பதும் அதைத்தான். ஐரோப்பிய ஆய்வுக் கழகத்தின் சினர்ஜி நல்கை. 2 முதல் 4 முதன்மை ஆய்வாளர்கள், 6 ஆண்டு, 1 கோடி யூரோ வரை. அவர்களில் ஒருவர், ஒருவர் மட்டும், ஒன்றியத்துக்கும் ஹொரைசனில் இணைந்த நாடுகளுக்கும் வெளியே உள்ள நிறுவனத்தில் இருக்கலாம். அவருக்கும் பணம் வரும். இருவர் வெளியே என்றால் தகுதியில்லை. குழுவின் சார்பில் விண்ணப்பிக்கும் தொடர்பு ஆய்வாளராக வெளியில் இருப்பவர் நிற்கவும் முடியாது.

பட்ஜெட்டில் எல்லோரும் சறுக்கும் இடம், பேட்டியின் ஒலிப்பதிவை எழுத்தாக்குவது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும்; மொழிபெயர்ப்பு தனி. அதை உட்குத்தகைக்கு (வெளியாளுக்கு) விட்டால், நிர்வாகச் செலவுக்கென்று கூடுதலாகத் தரும் 25 சதவீத மேற்செலவு அந்தத் தொகைக்குக் கிடைக்காது, ஆகவே ஆளை வேலைக்கு வைத்து அவர் சம்பளமாகக் காட்டுங்கள். ஆய்வகத்துக்கென்று தைத்த படிவத்தில் ஒரு மூதாட்டியின் நினைவை 'டெலிவரபிள்' (ஒப்படைக்க வேண்டிய பொருள்) என்று எழுதத்தான் வேண்டியிருக்கிறது. என்ன செய்ய!

கெடு பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி. முந்தின நாளே ஒரு பிரதியைச் சமர்ப்பித்துவிடுங்கள். கெடு முடியும்வரை அதை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.