மாணவர் ஆலோசனை அமர்வை முடிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி மாணவர்களுக்கான 50 நிமிட அமர்வு எப்போதும் 65 நிமிடம் வரை இழுக்கிறது. மாணவரை எப்படி நிறுத்துவது?

பதில்: மாணவரை நிறுத்த வேண்டாம். நீங்கள் புதுக் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். 40ஆவது நிமிடத்தில், "இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. இன்று பேசியதில் உங்களுக்கு எது முக்கியமாகப் பட்டது?" என்று கேளுங்கள். தொகுத்துச் சொல்வது மாணவரின் வேலை. நீங்கள் சொன்னால் தலையாட்டுவார், வெளியே போனதும் மறப்பார்.

பிறகு ஒரே ஒரு செயல், நாள், நேரத்தோடு. "ஒழுங்காகப் படிக்கிறேன்" போதாது. "புதன் காலை 10 மணிக்கு, ஆய்வேட்டுக்கு அவகாசம் கேட்டு நெறியாளருக்கு மின்னஞ்சல்" என்றால் சரி. எது குறுக்கே வரலாம் என்றும் கேளுங்கள். கடைசி இரண்டு நிமிடம் அடுத்த தேதிக்கு. அழுதிருந்தால், "இங்கிருந்து நேராக எங்கே போகிறீர்கள்?" என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். பதில் "தேர்வறைக்கு" என்றால், முகம் கழுவி மூச்சு சீராகும் வரை உட்காரட்டும்.

கடிகாரம் இருவர் கண்ணிலும் படவேண்டும். நீங்கள் மணிக்கட்டைப் பார்த்தால், தான் பாரமாகிவிட்டதாக அவருக்குத் தோன்றும்.

கேள்வி: கதவருகே போய்த்தான் பெரிய விஷயத்தைச் சொல்கிறார்கள்.

பதில்: பயத்தால் தள்ளிப்போட்டது கடைசியில் வெளியே வருகிறது. "சொன்னது நல்லது. இரண்டு நிமிடத்தில் பேசுகிற விஷயமில்லை, அடுத்த முறை இதிலிருந்தே தொடங்குவோம்" என்று சொல்லி, அவர் கண்முன்னே குறித்துக்கொள்ளுங்கள்.

தற்கொலை எண்ணமோ வன்முறையோ என்றால் இந்த விதி செல்லாது. திரும்ப உட்காரவைத்து நேரடியாகக் கேளுங்கள்: எண்ணம் மட்டுமா, திட்டம் உண்டா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, எப்போது? கேட்பதால் எண்ணம் முளைக்காது. எண்ணம் மீண்டும் வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்ற பாதுகாப்புத் திட்டத்தை இருவருமாக எழுதுங்கள், அந்தப் பொருளை அப்புறப்படுத்த ஏற்பாடு செய்யுங்கள். ஆபத்து உடனடியானது என்றால் தனியே அனுப்பாதீர்கள். அடுத்த மாணவர் காத்திருக்கட்டும்.

கேள்வி: நேரம் தாண்டிப் பேசுவதும் அக்கறைதானே? கறாராக முடித்தால் மனம் நோகாதா?

பதில்: சொல்லாமல் திடீரென முடித்தால்தான் நோகும். இன்று 20 நிமிடம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் கொடுக்காவிட்டால், அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார்.

கேள்வி (முந்தைய கேள்வியைக் கேட்டவரே): பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கான் அமர்வு நேரத்தை மாற்றினாரே?

பதில்: மாற்றினார், பெரும்பாலும் குறைத்தார். பெரும் சர்ச்சையும் ஆனது. 1963இல் பயிற்சி தரும் உளப்பகுப்பாய்வாளர் பட்டியலிலிருந்து அவர் நீக்கப்பட அதுவும் முக்கியக் காரணம். எப்போது முடியும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது, ஏற்கெனவே பதற்றத்தில் வரும் மாணவருக்கு இன்னொரு பதற்றம். உங்கள் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. அதை 40ஆவது நிமிடத்தில் காட்டுங்கள் என்கிறேன்.

கேள்வி: நேரம் ஆனதை எப்படிச் சொல்வது?

பதில்: முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: தூக்க மாத்திரை பரிந்துரைக்கலாமா?

பதில்: கூடாது. மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: பருவ இறுதியில் வரும் கடைசி அமர்வு?

பதில்: மூன்று அமர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் புதிய காயம் எதையும் கிளறாதீர்கள், மறுபடியும் சொல்கிறேன், புதுக் கேள்வி வேண்டாம். எந்த அறிகுறி தெரிந்தால் திரும்ப வரவேண்டும், விடுமுறையில் யாரை அழைக்க வேண்டும் என்பதை மாணவரே தன் கையால் எழுதி எடுத்துச் செல்லட்டும்.