முனைவர் பட்டத்துக்காக வேலையை விடலாமா? உதவித்தொகை எவ்வளவு என்பதைவிட எத்தனை மாதம் என்பதே முக்கியம்

கேள்வி: எனக்கு 29 வயது. உலோகவியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, ஐந்து ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையில் உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொருளறிவியல் மற்றும் பொறியியலில் முனைவர் பட்டம் பெற வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தொகைகளை வெளியிட விரும்பாததால், கையில் வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துச் சொல்கிறேன். வீட்டு வாடகைக்கும் என் செலவுக்கும் 40, அம்மாவுக்கு 15, கல்விக்கடன் தவணைக்கு 15 போக 30 மிச்சமாகிறது. 10 சதவீத வட்டியில் கடன் இன்னும் 450 பாக்கி. கையில் சேமிப்பு 800. ஓய்வூதியக் கணக்கில் 300.

என் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, உயர் வெப்பத்தைத் தாங்கும் உலோகக் கலவைகளான நிக்கல் சூப்பர் அலாய்களின் கிரீப் பற்றிய ஆய்வு: கட்டணம் கிடையாது, மாதம் 48 உதவித்தொகை, சேர்க்கைக் கடிதத்தில் 36 மாதம் என்று இருக்கிறது. இரண்டாவது, பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகம்: ஆண்டுக் கட்டணம் 300, உதவித்தொகை இல்லை, 'முதல் ஆண்டுக்குப் பிறகு கிடைக்கலாம்' என்கிறார்கள். மூன்றாவது, என் நிறுவனமே பாதிக் கட்டணம் தந்து, வேலையில் இருந்தபடி பகுதிநேரமாகப் படிக்க அனுமதிக்கிறது; பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டு அங்கேயே பணிபுரிய ஒப்பந்தம் எழுத வேண்டும். எதைத் தேர்வு செய்வது? ஓய்வூதியப் பணத்தை எடுத்துப் படிப்புக்குச் செலவிடலாமா?

பதில்: உங்கள் கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியதால் நானும் நேராகவே பதில் சொல்ல முடிகிறது. இரண்டாவது வழியை இன்றே விட்டுவிடுங்கள். முதல் வழியை ஏற்கலாம். ஆனால் இப்போது உங்கள் கையில் இருக்கும் கடிதத்தோடு ஏற்க வேண்டாம். காரணம் உதவித்தொகை 48 ஆக இருப்பது அல்ல, அது 36 மாதத்தோடு முடிவது.

உங்கள் துறையில் பட்டம் எத்தனை ஆண்டில் முடியும் என்பதை மாணவரின் உழைப்பும் நெறியாளரின் மனமும் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளும் தனக்குரிய காலத்தைக் கேட்கிறது. கிரீப் என்பது உயர் வெப்பத்தில் சுமை தாங்கி நிற்கும் உலோகம் மெல்ல மெல்ல நீள்வது. அதை அளக்க மாதிரியை உலைக்குள் தொங்கவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1,000 மணி நேரச் சோதனை என்றால் 42 நாள். 10,000 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 14 மாதம். நடுவில் உலையின் வெப்பச்சுருள் அறுந்துபோனால் அந்தச் சோதனையைப் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். மின்கலத்தில் ஆய்வு செய்பவருக்கும் இதே நிலைதான்: ஒரு மணி நேரம் ஏற்றி ஒரு மணி நேரம் இறக்கும் சுழற்சியை 1,000 முறை நடத்த 83 நாள் ஆகும். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் உலோகம் வலுவிழக்கும் சோர்வை ஆராய்பவர், நொடிக்கு 20 சுழற்சி வீதம் ஒரு கோடி சுழற்சியை எட்ட, ஒரே ஒரு மாதிரிக்கு ஆறு நாள் காத்திருக்க வேண்டும். கணினிவழி உருவகப்படுத்தலில் இந்தக் காத்திருப்பு குறைவு என்பது உண்மை. ஆனால் உங்களுக்குக் கிடைத்திருப்பது உலைமுன் காத்திருக்கும் தலைப்பு. அத்தகைய ஆய்வை 36 மாதத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணித் திட்டமிடுவது பாதுகாப்பானதல்ல. 54 மாதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன்.

கடனை முதலில் அடைத்துவிட்டீர்கள் என்று கொள்வோம். 800 சேமிப்பில் 350 மிஞ்சும். அதன்பின் உங்கள் மாதத் தேவை 55, உதவித்தொகை 48, மாதத்துக்கு 7 துண்டு விழும். 36 மாதத்தில் இது 252 ஆகி, கையிருப்பு 98 ஆகச் சுருங்கும். அதற்குப் பின் உதவித்தொகையே இல்லாத 18 மாதங்களுக்கு 990 தேவைப்படும். ஆக, ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய நேரத்தில் ஏறக்குறைய 890, அதாவது இன்றைய சம்பளத்தில் ஒன்பது மாதத் தொகை, உங்களிடம் இருக்காது. விலைவாசி உயர்வை இதில் சேர்க்கவே இல்லை.

இப்போது அதே கடிதத்தில் 36 என்பதற்குப் பதிலாக 48 மாதம் என்று இருந்தால் என்னவாகும் என்று பாருங்கள். பற்றாக்குறை 316 ஆகக் குறைந்துவிடுகிறது. மாறாக, காலத்தை அப்படியே விட்டு, மாதத் தொகையை 48-இலிருந்து 55 ஆக உயர்த்தித் தந்தால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 252 மட்டுமே. 12 மாத நீட்டிப்போ 576 தருகிறது. முனைவர் படிப்புக்குச் செல்பவர்களில் பலர் மாதத் தொகையை ஒப்பிட்டே இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் தீர்ந்து படிப்பு நிற்பது பெரும்பாலும் கடைசி ஆண்டில் என்பதால், நான் அந்தக் கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கித்தான் எந்தச் சேர்க்கைக் கடிதத்தையும் படிப்பேன்.

மீதி 316-ஐ அடைக்கவும் ஒரு வழி இருக்கிறது. சேர்க்கையை ஆறு மாதம் தள்ளிவைக்க அனுமதி கேளுங்கள். கடன் அடைந்தபின் தவணைப் பணமும் சேர்ந்து மாதம் 45 மிச்சமாகும். ஆறு மாதத்தில் 270. அப்போது 54 மாதமும் முடியும்போது உங்கள் பற்றாக்குறை 46 மட்டுமே. அதைச் சமாளிக்க உங்களால் முடியும்.

கடனை முதலில் அடைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. படிப்புக் காலத்தில் தவணையை ஒத்திவைக்க வங்கி அனுமதித்தாலும், வட்டி நிற்பதில்லை. அந்த வட்டியை ஆண்டுதோறும் அசலோடு சேர்க்கும் ஒப்பந்தமாக இருந்தால், 10 சதவீதத்தில் 450 என்பது ஐந்து ஆண்டில் ஏறக்குறைய 725 ஆகிவிடும். ஒத்திவைப்பைச் சலுகை என்று எண்ணி நிம்மதியாக இருந்தவர்கள், பட்டம் கையில் வந்த மாதத்தில் கடன் அறிக்கையைப் பார்த்துக் கலங்கியதை நான் கண்டிருக்கிறேன். உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

ஓய்வூதியக் கணக்கிலுள்ள 300-ஐத் தொட வேண்டாம். ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் அது 30 ஆண்டில் 3,000-ஐத் தாண்டும். 5 சதவீத விலைவாசி உயர்வைக் கழித்தாலும் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 700. படிக்கும் ஆண்டுகளில் அந்தக் கணக்கில் புதிதாக எதுவும் சேரப் போவதில்லை என்பதால், இருப்பதையாவது வளரவிட வேண்டும். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். நெதர்லாந்து போன்ற சில நாடுகளில் முனைவர் ஆய்வாளர் பல்கலைக்கழகத்தின் ஊழியராகவே நியமிக்கப்படுகிறார். அவருக்குச் சம்பளத்தில் வரி பிடித்தாலும் ஓய்வூதியப் பங்களிப்பும் விடுப்பும் உண்டு. வேறு பல இடங்களில் அது வெறும் உதவித்தொகை. வரி இல்லாமல் போகலாம், ஆனால் பின்னுக்கு எதுவும் சேராது. இரண்டு இடங்களின் தொகையை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

இரண்டாவது வழியை ஏன் அவ்வளவு உறுதியாக மறுத்தேன் என்று சொல்ல வேண்டும். கடனை அடைத்தபின் மிஞ்சும் 350, கட்டணத்தையும் சேர்த்து மாதம் 80 ஆகும் செலவில் நான்கரை மாதம்கூட வராது என்பது ஒரு காரணம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. உங்கள் துறையில் மாணவருக்குத் தரும் பணமும் ஆய்வுக்கான பணமும் பெரும்பாலும் நெறியாளரின் ஒரே ஆய்வுத் திட்டத்திலிருந்துதான் வருகின்றன. மாணவருக்குக் கொடுக்கப் பணமில்லாத நெறியாளரிடம், மாதிரிகளை வார்த்தெடுக்கவும், மணிக்கணக்கில் கட்டணம் வசூலிக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரம் வாங்கவும் பணம் இருக்குமா? அது இல்லாவிட்டால் கட்டணம் கட்டியும் ஆய்வு நகராது. 'கிடைக்கலாம்' என்ற சொல்லை நம்பி வீட்டு வாடகைக்கு உறுதி சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மதிப்பு உண்டுதான்; அந்த மதிப்பைக் கடன் வாங்கி அடையும் நிலையில், அம்மாவையும் தாங்கும் நீங்கள் இப்போது இல்லை.

மூன்றாவது வழியை நீங்கள் சற்றுத் தாழ்வாக நினைப்பதுபோல் உங்கள் கடிதத்தின் தொனியில் தெரிந்தது. அப்படி நினைக்கத் தேவையில்லை. லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அகிரா யோஷினோ, 1972 முதல் ஒரு நிறுவனத்தில் பணியாற்றியவர். மின்கலத்தை 1985-இல் உருவாக்கிய அவர் ஒசாகா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது 2005-இல்தான். நீல ஒளி உமிழும் டையோடுக்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்த சுஜி நகமுராவும் நிறுவன வேலையில் இருந்தபடியே 1994-இல் பட்டம் பெற்றார். ஆய்வகத்தைவிடத் தொழிற்சாலையில் நல்ல உலையும் நல்ல மாதிரியும் கிடைப்பது உங்கள் துறையில் அரிதல்ல.

அதே நகமுராவின் வாழ்க்கை உங்களுக்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அந்தக் கண்டுபிடிப்புக்கு அவருடைய நிறுவனம் முதலில் தந்த பரிசு 20,000 யென். அவர் வழக்குத் தொடுத்தார். 2004-இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2005-இல் ஏறக்குறைய 84 கோடி யென்னுக்குச் சமரசமானது. அந்த அளவுக்கு யாருக்கும் வாய்க்கும் என்று சொல்ல வரவில்லை. ஆய்வில் பிறக்கும் காப்புரிமை யாருக்குச் சொந்தம், வருவாயில் உங்களுக்குப் பங்கு எவ்வளவு என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நிறுவன வழியைத் தேர்ந்தால் மேலும் இரண்டைக் கேளுங்கள். முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட நிறுவனம் தடை சொல்லாது என்ற எழுத்துறுதி ஒன்று. இரகசியம் என்று பூட்டிவைத்த ஆய்வேட்டால் துறையில் உங்கள் பெயர் நிலைக்காது. மற்றொன்று அந்த மூன்றாண்டு ஒப்பந்தம்: இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்பக் குறைகிறதா, நிறுவனமே உங்களை வேலையிலிருந்து நீக்கினால் அது செல்லாததாகிறதா என்று பாருங்கள். பகுதிநேரப் படிப்பு ஆறு ஏழு ஆண்டுகள் இழுக்கும் என்பதையும், அத்தனை மாலை நேரங்களையும் அது எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலையை விட்டுப் படிப்பது பணமாகத் திரும்புமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்ந்திருக்கும் என்றால், 54 மாதத்தில் நீங்கள் ஈட்டியிருக்கக்கூடியது ஏறக்குறைய 6,220. உதவித்தொகை 48 மாதத்துக்கு வந்தாலும் 2,304. இழப்பு ஏறக்குறைய 3,920, அதாவது இன்றைய சம்பளத்தில் 39 மாதம். பட்டத்தால் உங்கள் சம்பளம் 20 சதவீதம் கூடினால் இந்த இழப்பை ஈடுகட்ட ஒன்பது ஆண்டு ஆகும்; 10 சதவீதம்தான் கூடினால் 14 ஆண்டு. இழந்த பணத்துக்கான வட்டியைச் சேர்த்தால் இன்னும் நீளும். ஆகவே சம்பள உயர்வுக்காக மட்டும் இந்தப் பட்டத்தைத் தேடுவது நல்ல முதலீடு அல்ல. டர்பைன் பிளேடு, குறைக்கடத்தி, மின்கலம் போன்றவற்றில் புதிய பொருளை உருவாக்கும் ஆய்வுக் குழுக்களை வழிநடத்த விரும்பினால், அங்கே பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்கிறார்கள். அந்த வேலைதான் உங்களுக்கு வேண்டும் என்றால் 39 மாதச் சம்பளத்தை அதற்குரிய விலை என்று தெரிந்தே கொடுக்கலாம். ஐந்து ஆண்டாக உலைக்கருகில் நின்றும் அந்த ஆசை குறையவில்லை என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை.

இந்த வாரமே முதல் ஆய்வகத்தின் நெறியாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அவரிடம் கடைசியாகப் பட்டம் பெற்ற மூன்று மாணவர்கள் எத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்கள், அவர்களுடைய கடைசி ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, ஆய்வகத்தில் எத்தனை கிரீப் சோதனைக் கருவிகள் உள்ளன, அவற்றை எத்தனை பேர் பகிர்கிறார்கள், நுண்ணோக்கிக் கட்டணம் எந்தக் கணக்கில் கழிகிறது என்று கேளுங்கள். 48 மாதத்துக்கான உறுதியைக் கடிதத்தில் சேர்க்க முடியுமா, சேர்க்கையை ஆறு மாதம் தள்ள முடியுமா என்றும் கேளுங்கள். பணிவோடு கேட்டால் இதில் எதுவும் தவறாக எடுத்துக்கொள்ளப்படும் கேள்வி அல்ல. நல்ல நெறியாளர் இதற்கு எண்களோடு பதில் எழுதுவார். அந்த மாணவர்களில் ஒருவரோடாவது நீங்களே பேசிவிடுங்கள். 48 மாதம் எழுத்தில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால், உங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு மூன்றாவது வழியில் சேருங்கள். இரண்டில் எதுவானாலும் பதில் வரும் வரை இப்போதைய வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம்.