துறைமுகத்தில் ஒதுங்கிய போர்க்கப்பல்

கே: கடல் சீறினால் எங்கள் வள்ளங்கள் கிடைத்த துறையில் ஒதுங்கும், யாரும் விரட்டுவதில்லை. போர்க்கப்பல் இப்படி நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் ஒதுங்கலாமா?
– வாசகர், குளச்சல்

ப: ஒதுங்கலாம், ஆனால் கெடு உண்டு. கடற்போரில் நடுநிலை நாடுகளுக்கு விதி வகுத்த 1907 ஹேக் உடன்படிக்கைப்படி, அந்த நாட்டுச் சட்டம் வேறு சொல்லாவிட்டால் 24 மணி நேரம்தான். புயல், பழுது என்றால் கூடுதல். பழுதும் கடலில் ஓடும் அளவுக்குத்தான் பார்க்கலாம், சண்டை பலத்தைக் கூட்டக் கூடாது. 1939 டிசம்பரில் அடிபட்ட ஜெர்மன் கப்பல் கிராஃப் ஸ்பே உருகுவேயின் மான்டெவிடியோவுக்குள் நுழைந்து இரண்டு வாரம் கேட்டது, கிடைத்தது 72 மணி நேரம். வெளியே பிரிட்டிஷ் கப்பல்கள். 17ஆம் தேதி கேப்டனே கப்பலை வெடிவைத்து மூழ்கடித்தார், பாவம். கெடு தாண்டி உள்ளேயே நின்றால்? நடுநிலை நாடே கப்பலைப் போர் முடியும்வரை முடக்கி வைக்கலாம்.