ஆண்டர்சன் கூப்பரும் ஊர் வாயும்: கேள்வி பதில்

நாளிதழ்களில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை இருபத்தெட்டு வருடம் பார்த்தவன் நான். அமெரிக்க சிஎன்என் செய்தியாளர் ஆண்டர்சன் கூப்பர் ‘தன்பாலீர்ப்பாளரா, இல்லையா’ என்று வருடக்கணக்கில் பேசப்பட்டதைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், அப்படி என்னதான் பேசினார்கள்? (கல்லூரி மாணவர், கோவை)

கூப்பர் 2001-ல் சிஎன்என்னில் சேர்ந்தார். 2005-ல் கத்ரீனா புயல் சமயத்தில் நியூ ஆர்லியன்ஸ் பகுதியிலிருந்து அவர் தந்த செய்திகளுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். அம்மா குளோரியா வாண்டர்பில்ட், பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண். இவ்வளவு இருந்தால் கிசுகிசு சும்மா இருக்குமா? யாரோடு சாப்பிடப் போனார், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று ஓயாமல் எழுதினார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 2012 ஜூலை 2 அன்று, பத்திரிகையாளர் ஆண்ட்ரூ சல்லிவனுக்கு அவர் எழுதிய மின்னஞ்சல் அவர் அனுமதியோடு வெளியானது. தான் தன்பாலீர்ப்பாளர், எப்போதும் அப்படித்தான், இனியும் அப்படித்தான், அதில் தனக்கு மகிழ்ச்சியும் பெருமையும் என்று அதில் எழுதியிருந்தார்.

ஊரில் உள்ள எல்லாரையும் கேள்வி கேட்கிறவர் தன்னைப் பற்றி மட்டும் வாய் திறக்காதது நியாயமா அண்ணா? (சென்னை)

நியாயம்தான் தம்பி. அமைச்சரிடம் கேட்பது பொதுப் பணத்தையும் பதவியையும் பற்றி. அவர் இரவில் யாரை நினைத்துக்கொண்டு தூங்குகிறார் என்று எந்த ஒழுங்கான செய்தியாளரும் கேட்பதில்லை. கூப்பரிடம் ஊர் கேட்டது அந்த இரண்டாவது வகைக் கேள்வி.

அவர் போன இடங்களையும் பாருங்கள். இளைஞராக இருந்தபோது நண்பர் தயாரித்துக் கொடுத்த போலி அடையாள அட்டையோடு பர்மாவுக்குள் போனவர். சோமாலியா, ருவாண்டா, ஈராக் என்று அலைந்தவர். 2011 பிப்ரவரியில் கெய்ரோவில் கூட்டம் அவர் தலையில் குத்தியது. அதற்குக் காரணம் வேறு அரசியல். ஆனால் அப்படிப்பட்ட தெருவில், ‘இவன் யார் தெரியுமா’ என்று ஒருவன் கத்தினால் போதும், கூட வரும் கேமராக்காரர் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அந்த மின்னஞ்சலிலும் தன்னுடைய, தன் குழுவினருடைய பாதுகாப்பை ஒரு காரணமாகச் சொல்லியிருந்தார். நண்பர்கள், குடும்பம், சக ஊழியர்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரியாதது நமக்கு மட்டும்தான்.

அப்படியானால் கடைசியில் ஏன் சொன்னார்?

மௌனத்தையே வெட்கம் என்று மற்றவர்கள் படித்துவிட்டார்கள். அது அவரை உறுத்தியது. சொல்லாமல் இருந்ததால் எதையோ மறைப்பதாக, பயப்படுவதாகத் தோன்றிவிட்டதே என்றும், அது உண்மை இல்லை என்றும் எழுதினார்.

அந்தச் சமூகத்தினரின் பத்திரிகையே அவரைக் காட்டிக்கொடுத்ததாமே?

‘அவுட்’ இதழின் 2007 மே அட்டைப்படத்தைச் சொல்கிறீர்கள். இரண்டு பேர் குச்சியில் ஒட்டிய முகமூடியை முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கிறார்கள். ஒன்றில் கூப்பர் முகம், இன்னொன்றில் நடிகை ஜோடி ஃபாஸ்டர் முகம். பாலீர்ப்பை மறைத்து வாழ்வதை ஆங்கிலத்தில் அலமாரிக்குள் இருப்பது என்பார்கள். கண்ணாடி அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறீர்கள், எல்லோருக்கும் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். பிரபலங்கள் வெளியே வந்தால் சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும் என்ற ஆதங்கம் அதில் இருந்தது. அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவர் முகத்தைக் குச்சியில் ஒட்டி இன்னொருவர் கையில் கொடுத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பேசினால் என்ன நஷ்டம்? உண்மையைத்தானே சொல்கிறார்கள்?

ஆலிவர் சிப்பிள் கதையைக் கேளுங்கள். 1975 செப்டம்பர் 22, சான் பிரான்சிஸ்கோ. அதிபர் ஃபோர்டை ஒரு பெண் துப்பாக்கியால் சுடுகிறாள். கூட்டத்தில் பக்கத்தில் நின்ற இந்த முன்னாள் மரைன் வீரர் பாய்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டார். அதிபர் பிழைத்தார். இரண்டே நாளில் ஒரு பத்திரிகைப் பத்தி சிப்பிள் தன்பாலீர்ப்பாளர் என்பதை ஜாடையாகச் சொல்ல, மற்ற நாளிதழ்கள் பிடித்துக்கொண்டன. டெட்ராய்டில் இருந்த பெற்றோருக்கு விஷயம் பேப்பர் வழியாகத்தான் தெரிந்தது. அம்மா பேச்சையே நிறுத்திக்கொண்டார். சிப்பிள் பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டார். 1984-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். அவருடைய வட்டாரத்தில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதானே என்றது நீதிமன்றம். நண்பர்களுக்குத் தெரிவதும் பெற்ற அம்மா பேப்பரில் படிப்பதும் ஒன்றா? குடியில் மூழ்கி 1989-ல் செத்துப்போனார்.

எப்போதுமே எழுதக் கூடாதா? இரட்டை வேடம் போடும் அரசியல்வாதியை? (வழக்கறிஞர், மதுரை)

அது தனி. தன்பாலீர்ப்பாளருக்கு எதிராகச் சட்டம் கொண்டுவர ஓட்டுப் போட்டுவிட்டு, தானே ரகசியமாக அப்படி வாழ்கிறவரின் செயல் பொதுமக்களைத் தொடுகிறது. அங்கும் ஆதாரம் வேண்டும், ஜாடை போதாது. பிரிட்டன் பத்திரிகை நெறிமுறையின் 12-வது பிரிவு, ஒருவரின் பாலீர்ப்பு செய்திக்கு உண்மையிலேயே சம்பந்தப்பட்டதாக இருந்தாலொழிய அதைக் குறிப்பிடக் கூடாது என்கிறது. எனக்கு அது போதுமான அளவுகோல்.

நம் நாட்டில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தந்த புட்டசாமி வழக்குத் தீர்ப்பு, பாலீர்ப்பும் அந்தரங்க உரிமைக்குள் வருகிறது என்று சொல்லிவிட்டது.

இதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு வேகம்?

ஒருநாள் ராத்திரி பத்து மணி, பக்கம் முடிகிற நேரம், கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. உள்ளூர்ச் செய்தி வாசிப்பாளர் ஒருவரைப் பற்றிப் பேர் போடாமல் நான்கு வரி வந்தது. சட்டை நிறம், குடியிருக்கும் தெரு என்று அடையாளம் மட்டும் இருந்தது. பேர்தான் இல்லையே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவர் வேலையை விட்டுவிட்டார். எங்கே போனார் என்று விசாரிக்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. பிறகு ஓய்வு பெறும்வரை அப்படி ஒரு வரியையும் நான் பக்கத்தில் ஏற்றவில்லை.

என் தோழி ஒரு சேனலில் நிருபர். அலுவலகத்தில் அவளைப் பற்றிக் குசுகுசுக்கிறார்கள். நானே கேட்டுவிடட்டுமா? (திருச்சி)

வேண்டாம் அம்மா. சொல்ல நினைத்தால் அவளே சொல்லுவாள். சாப்பாட்டு மேசையில் பேச்சு எழும்போது, ‘அவள் இல்லாத இடத்தில் இதைப் பேச வேண்டாம்’ என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். அது எப்படியும் அவள் காதுக்குப் போய்விடும். அப்புறம் வழக்கம்போல அவளோடு டீ குடிக்கப் போங்கள்.