ஏசி பராமரிப்பு ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

வணக்கம் நண்பரே. நீங்கள் ஏசி பராமரிக்கப்போகும் நிறுவனம் அனுப்பிய ஒப்பந்த வரைவில் 90 நாளில்தான் பணம், எது பழுதானாலும் முழுப் பொறுப்பும் உங்களுடையது என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியே கையெழுத்து போட்டுவிடாதீர்கள்.

முதலில், உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) உங்களுக்கு இருக்கிறதா? இல்லையென்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தத்தில் 90 என்று எழுதினாலும் செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

நஷ்டஈட்டுக்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள். ஓர் ஆண்டு ஒப்பந்தத் தொகை நியாயமானது. கம்ப்ரசர், ஏசியில் நிரப்பும் கேஸ் யார் செலவு என்பதைத் தனியாக எழுத வையுங்கள், சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும். வழக்கு எந்த ஊரில் என்ற பிரிவையும் பாருங்கள்.

அப்புறம், வணிக ஒப்பந்தங்கள் பார்க்கும் வழக்கறிஞரிடமே போங்கள். வரைவைப் படித்துத் திருத்த மட்டும் எவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திருத்திய வரைவைப் பொது மாதிரியாக வைத்துக்கொண்டால் அடுத்த வாடிக்கையாளருக்கும் உதவும்.