மழைமானியும் புள்ளிக்கோலமும்: தரவுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களின் கேள்விகள்

பிள்ளைகள் தாங்களே அளந்த தரவைப் படமாக்கி நடுவர் முன் விளக்கும் போட்டி பற்றி, கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவிலிருந்தும் மூணாறு பக்கமிருந்தும் தமிழ்வழி ஆசிரியர்கள் சிலர் கேட்டவை இவை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் "காலநிலை மாற்றம்" என்று தலைப்பு எடுத்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?
(ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை)

தலைப்பு மிகப் பெரிது டீச்சர். பிள்ளைகள் தாங்களே எண்ணிப் பார்க்கும் அளவுக்கு அதைச் சுருக்குங்கள். "பள்ளிக்கூட வாசல் கொன்றையில் முதல் பூ விஷுவுக்கு எத்தனை நாள் முன்பு விரிந்தது?" என்று கேட்டால் அது கேள்வி. கேரளப் பள்ளிகள் பல சீசன்வாட்ச் திட்டத்தில் வாரந்தோறும் மரம் பார்த்துக் குறிப்பு அனுப்புகின்றன. அதில் சேர்ந்தால் உங்கள் மரத்தை மற்ற ஊர் மரங்களோடு ஒப்பிடலாம். மழையும் உங்களுக்கு நல்ல பொருள்தான். கேரளத்தின் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 3,000 மி.மீ.; கிழக்குச் சித்தூரில் பெய்வது அதைவிட மிகக் குறைவு. ஏன் என்று பிள்ளைகளே கேட்கட்டும்.

பாட்டிலை வெட்டி மழைமானி செய்து ஒரு மாதம் அளந்தோம். இரண்டு ஞாயிறு விட்டுப்போயிற்று. சராசரி போட்டு நிரப்பிவிடலாமா?
(ஆசிரியர், வடகரப்பதி)

வேண்டாம் சார். 0 என்றும் எழுத வேண்டாம். 0 என்றால் "அளந்தோம், மழை இல்லை" என்று அர்த்தம். விட்டுப்போன நாளுக்கு ஒரு கோடு போடுங்கள்.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஞாயிறு பெய்த மழை பாட்டிலில்தானே கிடக்கும்? திங்கள் காலை அளவில் இரண்டு நாள் மழையும் சேர்ந்து வந்துவிடும். அதன் பக்கத்தில் "2 நாள் சேர்த்து" என்று எழுதினால் மாத மொத்தம் பெரிதாகக் கெடாது. ஆனால் "அதிக மழை பெய்த நாள் எது?" என்று பார்க்கும்போது அந்தத் திங்களைச் சேர்க்கக் கூடாது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பிள்ளைகள் தரவு என்றால் என்ன என்று பாதி கற்றுக்கொண்டார்கள்.

நான் ஒரு முறை ஓர் அணியிடம் "நிரப்பிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். நடுவர் சரியாக அந்த நாளைப் பற்றியே கேட்டார். பதில் தெரியாமல் நின்ற அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தவறு என்னுடையது.

அப்புறம், தினமும் ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். வானிலைத் துறை அளப்பது காலை 8.30 மணிக்கு.

சித்தூர்ப் புழைத் தண்ணீரை எடுத்திருக்கிறோம். டி.எம்.சி. என்றால் பிள்ளைகளுக்கே புரியவில்லை.

குடத்தில் சொல்லுங்கள். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர்; வீட்டுக் குடம் 14 லிட்டர் என்று வைத்தால் இரண்டு குடம். ஒரு டி.எம்.சி. 100 கோடி கன அடி, அதாவது 200 கோடி குடம். தமிழ்நாட்டுடனான பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டியது ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்.

"படைப்பாற்றல்" என்றால் படம் அழகாக இருந்தால் போதுமா?

போதாது. கிரீமியப் போரில் காயத்தைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்த வீரர்களே அதிகம் என்று 1858இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதழ் இதழான வட்டப்படத்தால் காட்டினார். அங்கே எண்ணிக்கையைச் சொன்னது இதழின் பரப்பளவு. பிள்ளைகள் தவறுவதும் இங்கேதான். இரட்டிப்பு மழையைக் காட்ட ஆரத்தை இரட்டிப்பாக்கினால் வட்டம் நான்கு மடங்காகிவிடும்.

நம் வீட்டு வாசலிலேயே ஒரு வடிவம் இருக்கிறது. நாளுக்கு ஒரு புள்ளி, மழை பெய்த நாளின் புள்ளியைச் சுற்றி மட்டும் ஒரு வளைகோடு, அளக்காத நாளில் புள்ளியே இல்லை. இப்படி ஒரு கோலம் போட்டால் மாதம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். எது எதைக் குறிக்கிறது என்று ஓரத்தில் எழுத மறக்க வேண்டாம்.

ஏஐயிடம் கேட்டு வரைபடம் போடலாமா?

போட்டி விதி அனுமதித்தால், வரைவதற்கு மட்டும். எண்கள் பிள்ளைகள் அளந்தவையாகவே இருக்க வேண்டும்.

எங்கள் எஸ்டேட் பிள்ளைகள் மலையாளத்தில் விளக்கத் தயங்குகிறார்கள்.
(ஆசிரியை, மூணாறு)

முதலில் தமிழிலேயே தடையில்லாமல் சொல்லிப் பழகட்டும் டீச்சர். பொருள் மனதில் நின்றுவிட்டால் மொழி மாற்றுவது கடினமில்லை. அட்டவணைத் தலைப்புகளை இரண்டு மொழியிலும் எழுதுங்கள். அவர்கள் தடுமாறும்போது நீங்கள் பதிலை எடுத்துக்கொடுக்காமல், "அன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். போட்டிக்குப் போகும்போது அந்த மழைமானி பாட்டிலையும் கையோடு கொண்டுபோகட்டும். அதைக் காட்டிக்கொண்டு பேசினால் தயக்கம் பாதி குறையும்.