அணி மாறிக்கொண்டே இருக்கும் என்எஃப்எல் கார்னர்பேக்குக்கு அந்தப் பிழைப்பு கட்டுப்படியாகுமா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் எந்த அணியிலும் நிலைக்காமல் ஊர் ஊராகப் போகும் கார்னர்பேக்குகளுக்கு அந்த வேலை கட்டுப்படியாகுமா என்பது ஒன்று. திறமை போதாமல்தான் அவர்களைக் கழற்றிவிடுகிறார்களா என்பது இன்னொன்று.

பணம் கட்டுப்படியாகும், நிம்மதி கட்டுப்படியாகாது. திறமை போதவில்லை என்ற பேச்சை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்டெர்லிங் மூர் என்பவரை வைத்துச் சொல்கிறேன். பாஸ்டன் பக்கத்து ரசிகர்களை விட்டால் வேறு யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராத பெயர்.

முதலில் அந்த வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். எறியும் பந்தைப் பிடிக்க ஓடுபவர் ரிசீவர், அவரை ஒட்டியே ஓடித் தடுக்கும் எதிரணிக்காரர் கார்னர்பேக். எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது ரிசீவருக்கு முன்கூட்டியே தெரியும். கார்னர்பேக்குக்குத் தெரியாது. பின்னோக்கி ஓடிக்கொண்டே எதிராளியின் இடுப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஐந்து கஜத்தைத் தாண்டிக் கை வைத்தால் ஃபவுல். வேலையை ஒழுங்காகச் செய்தால் பந்து அந்தப் பக்கமே வராது, கேமராவும் வராது. சொதப்பினால் மட்டும் ஊரே பார்க்கும்.

மூர் கலிஃபோர்னியாக்காரர், டெக்சாஸில் எஸ்எம்யூ பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2011 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில், 254 பேரை எடுத்தார்கள், இவரை எடுக்கவில்லை. போதாக்குறைக்கு அந்த வருஷம் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் தகராறு, லாக்அவுட் என்ற கதவடைப்பு. இவரைப் போன்றவர்கள் ஜூலைக் கடைசி வரை எங்கும் கையெழுத்துக்கூடப் போட முடியவில்லை. ஓக்லாண்ட் ரெய்டர்ஸின் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருந்தவரை அக்டோபரில் பாஸ்டன் பக்கத்து அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் கூட்டிக்கொண்டது.

பிராக்டிஸ் ஸ்குவாட் என்பது 53 பேர் கொண்ட பட்டியலுக்கு வெளியே, பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கும் ஆட்கள். அப்போது அவர்களுக்குக் குறைந்தபட்சம் வாரம் 5,700 டாலர். பட்டியலுக்குள் வந்துவிட்டால் புதியவருக்கே வருஷத்துக்கு 3,75,000, அதாவது சீசனில் வாரத்துக்கு ஏறக்குறைய 22,000. ஒரே மைதானம், ஒரே பயிற்சி, சம்பளம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். வேறொரு அணி வந்து தன் 53-இல் சேர்த்துக்கொள்கிறேன் என்றால் ஸ்குவாட் ஆள் போய்விடலாம். அந்தப் போனை எதிர்பார்த்துத்தான் பாதிப்பேர் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இருக்கிறார்கள்.

2012 ஜனவரி 22, ஃபாக்ஸ்பரோ. லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான ஏஎஃப்சியின் இறுதி ஆட்டம், பேட்ரியாட்ஸுக்கு எதிரே பால்டிமோர். மூன்றாவது குவார்ட்டரில் பால்டிமோரின் டோரி ஸ்மித் மூரை உதறிவிட்டு ஓடி 29 கஜ டச்டவுன் (மைதானக் கோடியில் உள்ள எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் ஆறு புள்ளி) போட்டார். பல கார்னர்பேக்குகள் அதோடு சுருண்டுவிடுவார்கள். கடைசி அரை நிமிடத்துக்குள், பேட்ரியாட்ஸ் 23-20 என்று முன்னிலையில் இருக்கும்போது, பால்டிமோரின் ஃப்ளாக்கோ எறிந்த பந்து எண்ட் ஸோனில் லீ எவான்ஸின் இரண்டு கையிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு காலும் கோட்டுக்குள் பதிந்தால்தான் பிடித்ததாகக் கணக்கு; இரண்டாவது கால் ஒழுங்காகப் பதிவதற்குள் மூர் கையை விட்டுத் தட்டி அதைக் கீழே தள்ளினார். அடுத்த பந்து டென்னிஸ் பிட்டாவுக்கு. அதையும் தட்டியது மூர்தான். பிறகு பால்டிமோரின் பில்லி கண்டிஃப் ஆட்டத்தைச் சமன்செய்திருக்கும் 32 கஜ ஃபீல்ட் கோலை (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) வெளியே உதைத்தார், ஆட்டம் முடிந்தது. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்த உதை மட்டும்தான். என்னைக் கேட்டால் அந்த இரண்டு தட்டல்களும் இல்லாவிட்டால் உதைக்க வேண்டிய அவசியமே பால்டிமோருக்கு வந்திருக்காது.

இரண்டு வாரத்தில் இண்டியானாபோலிஸில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல், எதிரே நியூயார்க் ஜயண்ட்ஸ். 3 நிமிடம் 46 விநாடி பாக்கி. ஜயண்ட்ஸின் ஈலை மேனிங் இடது ஓரக்கோட்டை ஒட்டி 38 கஜம் எறிந்தார். மூரும் பேட்ரிக் சங்கும் இரண்டு பக்கமும் இருக்க, நடுவில் மாரியோ மேனிங்ஹாம் பிடித்து, இரண்டு பாதத்தையும் கோட்டுக்குள் வைத்தார். பேட்ரியாட்ஸ் சேலஞ்ச் செய்து, நடுவர்களை வீடியோவில் மறுபடி பார்க்கச் சொல்லியும் பலனில்லை. மூர் பக்கம் தப்பு என்று பெரிதாகச் சொல்ல முடியாது; பந்து விழக்கூடிய ஒரே இடத்தில் விழுந்தது. ஜயண்ட்ஸ் 21-17 என்று ஜெயித்தது.

அந்த வருஷம் முடிவதற்குள் பேட்ரியாட்ஸ் அவரை விட்டுவிட்டது. டாலஸ் கவ்பாய்ஸ் எடுத்தது, மறு வருஷம் கழற்றியது, திரும்ப எடுத்தது. 2014-இல் அங்கே நன்றாகவே ஆடினார். 2015-இல் டாம்பா பே. 2016-இல் பஃபலோ கையெழுத்து வாங்கி, சீசன் தொடங்குமுன் அனுப்பிவிட்டது. செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸில் டெல்வின் புரோவுக்குக் கால் எலும்பு முறிய, பி.ஜே. வில்லியம்ஸுக்குத் தலையில் அடிபட, மூருக்குப் போன் போனது. வேண்டாம் என்று விட்ட அதே ஆள் சில வாரத்தில் தொடக்க வரிசையில். அடுத்த ஏப்ரலில் செயிண்ட்ஸ் 11-வது தேர்வாக மார்ஷான் லாட்டிமோரை எடுத்தது. மூருக்கு அங்கே இடம் நிலைக்கவில்லை.

இதில் அவர் திறமை எங்கே கூடிக் குறைந்தது சொல்லுங்கள்? மாறியதெல்லாம் பக்கத்து ஆளின் கால், அணியின் சம்பள வரம்பு, புதிதாக வந்த இருபத்தோரு வயசுப் பையன். 32 அணிகள், அணிக்கு ஐந்தாறு கார்னர்பேக். அந்த வட்டத்தின் விளிம்பில் இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் நடுவில் ஒரு மயிரிழைதான்.

ஒப்பந்தத் தொகையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். மூன்று வருஷம், இத்தனை மில்லியன் என்று செய்தியில் வரும். உத்தரவாதம் போட்ட பகுதி மட்டும்தான் நிச்சயம், மீதி நீக்கிய அன்றே போச்சு. நான்கு சீசன் முடித்தவர் முதல் வாரப் பட்டியலில் இருந்துவிட்டால் அந்த வருஷச் சம்பளத்தைக் கேட்டு வாங்க வழி உண்டு. அதனாலேயே சில அணிகள் முதல் ஆட்டம் முடியும்வரை காத்திருந்து, பிறகு அனுபவசாலிகளைக் கூப்பிடும். சாமர்த்தியம்தான், ஆனால் எனக்குப் பிடிக்காத சாமர்த்தியம்.

உங்கள் வீட்டுப் பையன் யாராவது இந்த ஆட்டத்தில் இறங்கக் கேட்கிறீர்கள் என்றால், பார்க்க வேண்டிய எண் மூன்று. மூன்று சீசன், ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று ஆட்டம் முழுச் சம்பளத்தில் கணக்கில் ஏறினால் லீகின் ஓய்வூதியம் உறுதி. டிராஃப்டில் யாரும் கூப்பிடாத மூர் அந்தக் கோட்டைத் தாராளமாகத் தாண்டிவிட்டார்.